மிஸ், இதைக் கொஞ்சம் ஷேப் பண்ணுங்க

ஒரு நாளில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை. வீட்டில் நான் அம்மா, வேலை செய்கிற அரசாங்கக் கந்தோரில் மிஸ், பஸ்ஸில் அக்கா. ஆனால் ஷேப் என்ற சொல்லை மட்டும் காலையில் பல் தேய்ப்பதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது.

அது இங்கிலீஷ் சொல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் போட்டு மேலே அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். கண்டியில் அந்த அர்த்தத்தில் அதைப் பாவிக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைக்கிற தையல்காரி ஒருத்தி, புருவம் எடுக்கிற சலூன் பெண் ஒருத்தி. மற்ற எல்லோருக்கும் அது வேறு. கட்டுக்கலைப் பக்கம் ஓட்டோவில் ஏறினால், பொலிஸ் நிற்கிற இடம் வந்ததும் டிரைவர் "ஷேப்பா போவோம்க்கா" என்கிறார். அங்கே அதற்கு அர்த்தம் சத்தம் போடாமல், கண்ணில் படாமல். பைப்பில் தண்ணீர் நின்றுபோனால் என் கணவர், "இருக்கிற தண்ணில ஷேப் பண்ணிக்குவோம்" என்கிறார். அங்கே சமாளிப்பது. மகள் சிநேகிதிகளோடு பயணம் போக வேண்டுமென்றால், "அப்பாவ ஷேப் பண்ணியாச்சு, நீங்க பேசாம இருங்க" என்கிறாள். அது தாஜா பண்ணுவது. மதில் சண்டையில் ஆறு மாதமாக முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நாள் ஒன்றாகப் பேக்கரிக்குப் பான் வாங்கப் போனார்கள். கேட்டால், "அது ஷேப் ஆகிடுச்சு" என்றார்கள். சிங்களவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள், நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். யார் யாரிடமிருந்து எடுத்தது என்று எனக்குத் தெரியாது.

கந்தோரில் அந்தச் சொல் என் தலையில் விழுகிற வேலை. "மிஸ், இதைக் கொஞ்சம் ஷேப் பண்ணுங்க" என்று எங்கள் மேலதிகாரி, பெரியவர், உள்ளே இருந்து குரல் கொடுத்தால், வெளியே யாரோ ஒரு தமிழ் ஆள் கோபமாக நிற்கிறார் என்று அர்த்தம். நான் எழுந்து போக வேண்டும்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னும் நாலு வருஷத்தில் பென்ஷன். நியமனக் கடிதத்தில் என் வேலை கோப்புகளைப் பார்ப்பது. மொழிபெயர்ப்பு என்று ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை. ஆனால் அந்தக் கந்தோரில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால், முப்பது வருஷமாக நடுவில் நிற்கிறேன். உத்தியோகத்தர் எரிந்து விழுந்து, "இந்த ஆளுக்கு எத்தனை தரம் சொல்வது, மண்டையில் ஒன்றும் இல்லையா" என்று சிங்களத்தில் கேட்பார். நான் அந்த ஆளிடம், "ஐயாவுக்கு இன்னிக்கு வேல கூடங்க, இன்னொரு நாளைக்கு வரச் சொல்றாரு" என்பேன். அவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். "இவனெல்லாம் நல்லா இருப்பானா, இவன் குடும்பம் வெளங்குமா" என்பார். நான் உத்தியோகத்தர் பக்கம் திரும்பி, தூரத்திலிருந்து வந்ததால் கொஞ்சம் மனவருத்தப்படுகிறார் சேர் என்பேன். இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். என் கவுண்டரில் போன வருஷம்வரை ஒரு சண்டை நடந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது.

இதை நான் எங்கேயும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது ஒரு பகல் கடைத்தெருவில் தமிழ்க் கடைகளை எரிக்கிற கூட்டம் வந்தது. அப்பா கடை வாசலுக்கு வந்து, வந்தவர்களைத் தெரிந்தவர்கள் மாதிரி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சிரித்துச் சிரித்துச் சிங்களத்தில் பேசினார். அவர் முதுகுப் பக்கம் சட்டை முழுவதும் நனைந்திருந்ததை மேல்மாடிப் படியிலிருந்து நான் பார்த்தேன். பக்கத்துக் கடை எரிந்தது. அப்பா நின்ற கடை எரியவில்லை. அதற்குப் பிறகு, யாராவது உரக்கப் பேசினால் என் முகம் தானாகச் சிரிக்கத் தொடங்கிவிடும். இது நல்ல பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வருஷக் கடைசியில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். மலை எங்கெங்கே இறங்கியது, எத்தனை ரோடு போனது என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. மழை விட்டு மூன்று கிழமைக்குப் பிறகு, ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டங்களில் வரிசை வீடுகளான லயங்களில் எதில் ஆட்கள் இருக்கலாம், எதில் இருக்கக்கூடாது என்று பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். மண்ணைப் பற்றிப் படித்தவர், சிங்களவர், முப்பது முப்பத்தைந்து வயது. மண்சரிவு சேர் என்றுதான் நாங்கள் அவரைச் சொன்னோம். அவருக்கு அரைகுறையாகச் சில சொற்களுக்கு மேல் தமிழ் தெரியாது. "மிஸ், நீங்கள் கூடப் போய்க் கொஞ்சம் ஷேப் பண்ணுங்க" என்று பெரியவர் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

ஜீப் டிரைவர் அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். பதினைந்து வருஷமாக எங்கள் கந்தோரில் இருக்கிறார். தலாத்துஓயா தாண்டி ரோடு பாதி விழுந்து கிடந்தது. அவர் ஒவ்வொரு வளைவிலும் "ஷேப்பா போவம், ஷேப்பா போவம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். முழங்கால் வலியில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு இருபதுக்கு மேற்பட்ட காம்பராக்களைப் பார்த்தோம். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற அறையைக் காம்பரா என்பார்கள். அந்தச் சேர் ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஏறிப்போய் மண்ணைத் தோண்டிப் பார்ப்பார், சுவரில் விரலை வைத்து அளப்பார், பிறகு சொல்வார். நான் சொல்வேன். பெரும்பாலும் பயமில்லை, இருக்கலாம் என்பதுதான். அதைச் சொல்வதற்கு ஷேப் தேவையில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மேலே, மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு வந்தோம்.

அங்கே ஒரு அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும், பார்த்தால் பத்து வயது கூட. இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். கணவருக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தார். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் வேலை. மழை நாட்களில் நாலு பேர் அந்த மனிதரைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். மூன்று கிழமை சீமெந்துத் தரையில் கிடந்து, நாலு நாளைக்கு முன்புதான் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த அம்மா தனியாளாகச் சேற்றை அள்ளிக் கொட்டி, தரையை மெழுகி, அடுப்பைப் புதிதாகப் போட்டு, சாமிப் படத்துக்குப் பூ வைத்திருந்தார். நாங்கள் போன நேரம் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. எங்கள் மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

மண்சரிவு சேர் பின்னால் போனவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். திரும்பி வந்தபோது டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். பிறகு சொன்னார். அவர் சிங்களத்தில் சொன்னதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. அதனால் இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன். "இந்த வீட்டில் இனிமேல் ஆட்கள் இருக்கக்கூடாது. பின்னால் மலை வெடித்திருக்கிறது, என் கை உள்ளே போகிறது. ஊற்றில் சேற்றுத் தண்ணீர் வருகிறது. இன்னொரு பெரிய மழை பெய்தால் இறங்கும். தூங்கும்போது இறங்கினால் இந்த இரண்டு பேரும் வெளியே வரமாட்டார்கள். இன்றைக்கே போகச் சொல்லுங்கள்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்னாங்கம்மா சொல்றாரு ஐயா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். ஈரம் காயாத மெழுகிய தரையைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவர் நல்ல கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் களைப்பாக இருந்தது. அதுதான் உண்மை. இதைச் சொன்னால் இந்த அம்மா அழுவார், எங்கே போவது என்று கேட்பார், கட்டிலில் இருப்பவர் ஏதாவது சொல்லப் பார்த்து வாய் கோணும், நான் அதைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கத்தில் என் முகம் சிரித்தது.

"பின்னால கொஞ்சம் வெடிப்பு இருக்காங்க. பெரிய மழ வந்தா கவனமா இருக்கச் சொல்றாரு. முடிஞ்சா சொந்தக்காரங்க வீட்டுப் பக்கம் போய் இருந்தா நல்லதுங்கிறாரு."

"முடிஞ்சாங்களா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க, முடிஞ்சா."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரிங்க. மழ வந்தா பாத்துக்குவோம்" என்றார். சேர் என்னிடம், சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். ஒரு படிவத்தை நீட்டினார். அபாயம் பற்றி அறிவுறுத்தப்பட்டது என்று சிங்களத்தில் அச்சடித்திருந்தது. அந்த அம்மா தமிழில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

திரும்பி வரும்போது சேர் முன் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். கொஞ்ச தூரம் வந்ததும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மிஸ், ஒன்டு கேக்கவா? கோவிச்சுக்கிற இல்ல."

"கேளுங்க."

"சேர் செல்லின கதையும் நீங்க செல்லின கதையும் ஒன்டில்லயே."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. அந்த மனுஷன அந்த நெலமையில வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது? ஷேப்பாத்தான் சொல்லணும்" என்றேன். கண்டி வரும்வரை அவர் ஷேப்பா போவம் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன், இறங்கவில்லை. கணவரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர், எதற்கும் அவசரப்பட மாட்டார். "நாளைக்கு ஜீ.எஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்து ஷேப் பண்ணிடு" என்றார். ஜீ.எஸ் என்றால் கிராம சேவகர். அன்றைக்கு அந்தச் சொல் என் காதில் பட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை நான் தட்டில் காட்டினேன். வானொலியில், நாளைப் பின்னேரத்திலிருந்து மத்திய மலைநாட்டில் மழை என்றார்கள். போட்டது என்னுடைய சாட்சிக் கையெழுத்து. ஜீ.எஸ் அந்தப் படிவத்தைப் பார்த்தால், சொல்லியாயிற்றே என்றுதான் நினைப்பார்.

காலையில் லீவு சொல்லிவிட்டு ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். ரோடு விழுந்த இடத்தில் இறங்கி நடந்து, அடுத்த பக்கம் வேறு பஸ். மேட்டு லயத்துக்குப் படி ஏறும்போது பத்தரை மணி. முழங்கால் என்னைத் திட்டியது, நானும் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். அந்த அம்மா வேலைக்குப் போகவில்லை. கணவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கம்மா திரும்பி வந்திருக்கீங்க?"

"நேத்து நான் சரியாச் சொல்லலீங்க" என்றேன். சொல்லும்போதே என் முகம் சிரிக்கப் பார்த்தது. அடக்கினேன். "பயப்படாதீங்க, ஆனா..." என்று ஆரம்பித்தேன். அதுவே பிழை. பயப்படச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன். மலை வெடித்திருக்கிறது, இறங்கும், இங்கே இருக்கக்கூடாது, இன்றைக்கே போக வேண்டும் என்று ஐயா சொன்னார் என்றேன்.

அந்த அம்மா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "யாருங்க உங்கள அனுப்புனது? தொரயா?"

எனக்கு அது உடனே விளங்கியது. துரை என்பது தோட்ட முகாமையாளர். தோட்டத்தில் காம்பராவை விட்டு ஒரு தரம் வெளியேறினால் அது திரும்பக் கிடைப்பது லேசில்லை. பூட்டிவிடுவார்கள், வேறு யாருக்காவது போகும். போன மழைக்குப் பள்ளிக்கூடம் போன ஆட்கள் இந்தப் பயத்தில்தான் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்திருந்தார்கள்.

"தொரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஐயா சொன்னதத்தான் சொல்றேன்."

"நேத்தும் ஐயா சொன்னதுன்னுதானே சொன்னீங்க."

என் முகம் மறுபடியும் சிரிக்கப் பார்த்தது.

"நேத்து முடிஞ்சாப் போங்கன்னீங்க. இன்னிக்குப் போயே ஆகணுங்கிறீங்க. எதுங்கம்மா ஐயா சொன்னது?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அதைக் கையாளத் தெரியும். "ஐயா மொகத்த நாங்களும் பாத்தோங்க. டீ குடிக்காம நின்னாரு. என்னமோ பெருசாச் சொல்றாருன்னு பயந்தோம். அப்பறம் நீங்க சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. சரி, ஒன்னுமில்ல போலன்னு ராத்திரி நல்லாத் தூங்குனோம்."

கட்டிலில் கிடந்தவர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "போக வேணாங்கிறாரு. செத்தாலும் இங்கதானாம்" என்றார் அந்த அம்மா. அதை அவர் அப்படியே சொன்னார். ஒரு எழுத்துக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

வெளியே எதிர் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பவும் சொன்னேன், வேறு விதமாகச் சொன்னேன், என் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே என் காதிலும் விழுந்தது. நான் சத்தியம் பண்ணினால் நம்புவதற்கு அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் ஆளைப் பார்த்துக் கதையை மாற்றுகிறவள்.

கடைசியில் வாசலில் போய் நின்று போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. மூன்றாம் தரம் மண்சரிவு சேர் எடுத்தார். வேறு ஏதோ தோட்டத்தில் நின்றிருந்தார், பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. நேற்று நீங்கள் சொன்னதை நான் குறைத்துச் சொல்லிவிட்டேன் சேர் என்றேன். எதைக் குறைத்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் என்றேன். என்னைவிட இருபது வயது குறைந்த பையன், வாயில் வந்தபடி திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்றுதான் கேட்டார். சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்றார்.

நான் போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"அம்மா" என்றது போன். "நான் நேத்து வந்த. மண் பாத்த." அவர் தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். "வூடு வேணாம். பின்னாடி மலை, அது வருது. மழை வந்தா மலை வருது. அம்மா தூங்கும், ஐயா தூங்கும், மலை வருது. ரெண்டு பேர் செத்துப் போகும். இன்னைக்குப் போ. இப்ப போ."

போ என்றார். போங்க என்றுகூட இல்லை. அந்த மனிதர் தமிழில் அப்படிப் பேச நான் எந்தக் காலத்திலும் விட்டிருக்க மாட்டேன். செத்துப் போகும் என்பதை வியாதிக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்ல விட்டிருக்கவே மாட்டேன்.

அந்த அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்கய்யா" என்றார். எழுந்து போய் முதலில் அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். பிறகு சாமிப் படத்தை எடுத்துச் சேலைத் துணியில் சுற்றினார். கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார், அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதே கதிரை, அதே கயிறு. நான் ஒரு பானையையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். பள்ளிக்கூட வாசல்வரை அந்த அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பானையை இறக்கும்போது மட்டும், "வைங்க" என்றார்.

அன்றைக்குப் பெய்த மழைக்கு மலை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் விடிகாலையில் வந்தது. கடைசிக் காம்பராவின் பின்சுவரும், அடுப்பும், கட்டில் கிடந்த இடமும் போனது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. இதைக் கந்தோரில் டிரைவர்தான் வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அல்லா காப்பாத்தினான் மிஸ்" என்றார். என்னைக் குத்திக் காட்டவில்லை. அவர் நல்ல மனிதர். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்பாவின் நனைந்த சட்டை ஞாபகம் வந்தது. அப்பா ஷேப் பண்ணியது ஒரு கூட்டத்தை. நான் அதையே ஒரு மலையிடம் பண்ணப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கவுண்டரில் இப்போது சொன்னதைச் சொன்னபடி சொல்லப் பார்க்கிறேன். பாதி நாள் முடிகிறது. பாதி நாள் பழைய முகம் வந்துவிடுகிறது. ஒரு கிழமையில் இரண்டு சண்டை நடந்தது, பெரியவர் என்னை உள்ளே கூப்பிட்டு, உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா கந்தோருக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் கடிதங்கள். வீடு இழந்தவர்களுக்குக் கொடுக்கிற காணி விஷயமாக வந்திருக்க வேண்டும். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். என் கவுண்டரில் ஆள் இல்லை. என்னைக் கண்டார், கண்டதும் இலேசாகத் தலையசைத்தார். நான் எழுந்தேன். அவர் நேராகப் பக்கத்துக் கவுண்டரில் நின்ற ஐந்து பேர் வரிசையின் பின்னால் போய் நின்றார். அங்கே இருக்கிற பிள்ளை போன வருஷம் வேலைக்கு வந்தது, தமிழில் ஒரு சொல் தெரியாது.

முக்கால் மணித்தியாலம் நின்றார். முறை வந்ததும் தோட்டத்துச் சிங்களத்தில், உடைத்து உடைத்துப் பேசினார். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, சத்தமாகத் திரும்பக் கேட்டது. இவரும் சத்தமாகத் திரும்பச் சொன்னார். குரல்கள் கூடின. உள்ளே இருந்து பெரியவர் எட்டிப் பார்த்து, என் பக்கம் கையைக் காட்டினார்.

"மிஸ், போய் இதைக் கொஞ்சம் ஷேப் பண்ணுங்க."

நான் போனேன். அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று, "என்னங்க விஷயம், நான் சொல்லவா?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"வேணாங்கம்மா. அந்தப் புள்ள பேசுறது எனக்கு வெளங்குது."

நான் திரும்பி வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன்.